பழைய ஷேர்வேர் வட்டுகளிலிருந்து புதிய தொகுப்பு: அனுமதி யாரிடம் இருக்கிறது?

கணினிப் பயிற்றுநராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன். தொண்ணூறுகளில் விலை கொடுத்து வாங்கிய ஷேர்வேர் (முதலில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, தொடர்ந்து பயன்படுத்தினால் பணம் கட்டும் மென்பொருள்) தொகுப்புக் குறுவட்டுகள் சில அவரிடம் இன்னும் நல்ல நிலையில் உள்ளன. பழைய கணினிகளில் ஆர்வமுள்ள நண்பர் குழு ஒன்றுக்காக, அந்த வட்டுகளிலிருந்து இருநூறு நிரல்களைத் தேர்ந்தெடுத்து ஒரே வட்டில் பதிந்து, வெற்று வட்டின் விலையையும் அஞ்சல் செலவையும் மட்டும் பெற்றுக்கொண்டு கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். தொகுப்பைத் தயாரிக்க உதவிய அவருடைய தங்கை மகன், இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஜிப் கோப்புகளை (பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியவை) பிரித்து, கட்டணப் படிவங்களையும் விளக்கக் கோப்புகளையும் நீக்கிவிட்டார். சில நிரல்களில் தொடக்கத்தில் தோன்றும் ‘பதிவு செய்யுங்கள்’ என்ற திரை வராதபடி திருத்தமும் செய்திருக்கிறார். பணம் கட்டியவர்களுக்குத் தரப்படும் பதிவு எண்களின், எங்கிருந்தோ கிடைத்த பட்டியல் ஒன்றும் வட்டில் சேர்ந்திருக்கிறது. இவை தவிர, சோதனைக் காலம் எப்போதோ முடிந்துபோன ஒரு கணக்குப் பதிவு நிரலை வாசகர் இன்றுவரை வீட்டுக் கணக்குக்குப் பயன்படுத்தி வருகிறார்.

குழுவில் ஒருவர் இதைத் திருட்டு என்கிறார். இன்னொருவர், ஷேர்வேர் என்றாலே இலவசம்தானே என்கிறார். “விலை கொடுத்து வாங்கிய வட்டு, எழுதியவர்கள் பலர் இன்று இருக்கும் இடமே தெரியவில்லை, நான் ஒரு காசுகூட லாபம் பார்க்கவில்லை, இதில் என்ன தவறு இருக்க முடியும்?” என்று கேட்கிறார் வாசகர்.

அன்புள்ள வாசகருக்கு,

பழைய நிரல்கள் அழிந்துபோகக் கூடாது என்ற உங்கள் அக்கறையை மதிக்கிறேன். அந்த அக்கறை இல்லாதிருந்தால் இந்த நிரல்களில் பலவற்றின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. உங்கள் நண்பர்கள் இருவரில் ஒருவர் சொல்வது முழுக்கச் சரி, மற்றவர் சொல்வது முழுக்கத் தவறு என்று தீர்த்துவிடவும் முடியாது. உங்கள் வட்டில் சில நிரல்களை நீங்கள் தாராளமாகக் கொடுக்கலாம். சிலவற்றை இப்போதே எடுத்துவிட வேண்டும். மற்றவற்றுக்கு ஒவ்வொன்றாகத் திறந்து படித்த பிறகுதான் விடை சொல்ல முடியும். சட்ட விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான பெர்ன் பதிப்புரிமை உடன்படிக்கை, உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்து ஒப்பந்தம் ஆகியவற்றை ஒட்டியே எழுதுகிறேன்.

ஷேர்வேர் தந்தது எது, தராதது எது

ஷேர்வேர் முறை 1982-இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் ‘பிசி-டாக்’ என்ற தொலைத்தொடர்பு நிரலையும், ஜிம் நாஃப் ‘பிசி-ஃபைல்’ என்ற தரவுத்தள நிரலையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளியிட்டு, விரும்பியவர்கள் நகலெடுத்துக் கொடுக்கலாம், பயனுள்ளதாக இருந்தால் பணம் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு பாப் வாலஸ் ‘பிசி-ரைட்’ என்ற உரைத்தொகுப்பு நிரலை இதே வழியில் வெளியிட்டார்; ஷேர்வேர் என்ற பெயர் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பதிவு செய்துகொண்டவரின் நகல் வழியாக இன்னொருவர் பதிவு செய்தால், முன்னவருக்கு ஒரு பங்குத் தொகையும் அவர் கொடுத்தார்.

இந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பைக் கவனியுங்கள். கடையில் பெட்டியாக விற்கப்பட்ட மென்பொருளை வாங்கியவர் பயன்படுத்தலாம், ஆனால் நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது. ஷேர்வேரில் இது தலைகீழ். பிறருக்குக் கொடுக்க அனுமதி உண்டு. சோதனைக் காலம் தாண்டித் தொடர்ந்து பயன்படுத்தத்தான் பணம் கட்ட வேண்டும். கொடுப்பதற்கான அனுமதியும் பயன்படுத்துவதற்கான அனுமதியும் வெவ்வேறானவை. ஒன்று இருப்பதால் மற்றதும் இருப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் கடிதத்தில் உள்ள குழப்பங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதியதால் வந்தவை.

வட்டுக்கு நீங்கள் கொடுத்த பணம் எதற்கு என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அந்தத் தொகை, நிரல்களைத் திரட்டி, வரிசைப்படுத்தி, வட்டில் பதிந்து கொடுத்த தொகுப்பாளரின் வேலைக்கு உரியது. நிரலை எழுதியவருக்கு அதில் ஒரு பகுதி போவது வழக்கமாக இல்லை. கண்ணியமான தொகுப்பாளர்கள், இந்த விலை விநியோகத்துக்கு மட்டுமே, நிரலைத் தொடர்ந்து பயன்படுத்துவோர் ஆசிரியரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று உறையிலோ வட்டின் முதல் கோப்பிலோ எழுதிவிடுவார்கள். உங்கள் வட்டுகளிலும் அப்படி ஒரு வாசகம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். புத்தகத்தை வாங்கியவர் அதைப் படிக்கலாம், இரவல் தரலாம், விற்கவும் செய்யலாம். அச்சிட்டு வெளியிட முடியாது. பல நாடுகளின் சட்டம், நீங்கள் வாங்கிய அசல் வட்டை அப்படியே இன்னொருவருக்குக் கொடுப்பதையோ விற்பதையோ தடுப்பதில்லை. அதிலிருந்து புதிய வட்டுகளைப் பதிவது நகலாக்கம் என்ற வேறு செயல். அதற்கு ஆசிரியரின் அனுமதி தேவை.

அனுமதி இருக்கும் இடம்

அந்த அனுமதியை வட்டின் அட்டையில் தேடிப் பயனில்லை. ஒவ்வொரு நிரலின் ஜிப் கோப்புக்குள்ளும் அது தனித்தனியாக இருக்கிறது. ஒன்றைத் திறந்து பாருங்கள். இயங்கும் நிரலோடு, பயன்பாட்டு விளக்கம், ‘ரீட்மீ’ கோப்பு, பணம் அனுப்புவதற்கான ‘ஆர்டர்’ படிவம், ‘ஃபைல்-ஐடி-டிஸ்’ என்ற சிறு குறிப்பு ஆகியவை இருக்கும். வரிக்கு 45 எழுத்துகளாகப் பத்து வரிகளுக்குள் நிரலை அறிமுகப்படுத்துவது அந்தக் குறிப்பின் வேலை. இப்படிக் கட்டிய பல ஜிப் பொதிகளில் ‘வெண்டர்-டாக்’ என்ற பெயரில் இன்னொரு கோப்பும் இருக்கும். வட்டு விற்பவர்களுக்காகவே எழுதப்பட்ட அந்தக் கோப்புதான் உங்களுக்கு வேண்டியது. அது இல்லாத இடத்தில் உரிமக் கோப்பையும் விளக்கத்தின் கடைசிப் பக்கங்களையும் படியுங்கள்.

அதில் வழக்கமாகக் காணும் நிபந்தனைகள் சில. எல்லாக் கோப்புகளும் மாற்றமின்றி ஒன்றாகவே கொடுக்கப்பட வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். நகல் செலவாக இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று ஒரு வரம்பு இருக்கலாம். கட்டணமே கூடாது என்றும் இருக்கலாம். நெகிழ்வட்டில் கொடுக்கலாம், ஆனால் குறுவட்டுத் தொகுப்பில் சேர்க்க எழுத்து வழி அனுமதி வேண்டும் என்று பிரித்துச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. 1987-இல் உருவான ஷேர்வேர் தொழில்முறையாளர் சங்கம் அங்கீகரித்த விற்பனையாளர்கள் மட்டும் கேட்காமலே விநியோகிக்கலாம், மற்றவர்கள் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்று எழுதியவர்களும் உண்டு. குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு இந்தப் பதிப்பை விநியோகிக்காதீர்கள், புதிய பதிப்பைக் கேட்டு வாங்குங்கள் என்ற நிபந்தனையைப் பார்த்தால் தயங்காமல் அந்த நிரலை ஒதுக்கிவிடுங்கள். அந்தத் தேதி கடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

உங்கள் தங்கை மகன் நல்லெண்ணத்தோடு செய்த வேலைதான் இங்கே பெரிய சிக்கல். இடம் மிச்சமாகட்டும் என்று அவர் நீக்கிய கோப்புகளில்தான் உங்களுக்கான அனுமதியே எழுதப்பட்டிருந்தது. பொதி முழுமையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மீறப்பட்டதும், நகலெடுத்துக் கொடுக்க உங்களுக்கு இருந்த அனுமதியும் போய்விடுகிறது. கட்டணப் படிவம் நீக்கப்பட்ட நிரலைப் பெறும் உங்கள் நண்பருக்கு, அதை எழுதியவர் யார், பணம் எங்கே அனுப்புவது, பணம் அனுப்ப வேண்டுமா என்பதே தெரியாது. ஆசிரியர் தன் உழைப்பை ஊரெல்லாம் கொடுக்க அனுமதித்ததற்குக் காரணமே அந்தப் படிவம் எல்லார் கைக்கும் போய்ச் சேரும் என்ற நம்பிக்கைதான்.

இது என் சொந்தக் கருத்து மட்டுமன்று. விண்டோஸ் 3.1 காலத்தில் கணினியை இணையத்தோடு இணைக்க உதவிய ‘டிரம்பெட் வின்சாக்’ என்ற ஆஸ்திரேலிய ஷேர்வேரை, ஓர் இணையச் சேவை நிறுவனம் தன் சேவைக்கு ஏற்றபடி மாற்றங்களோடு கணினி இதழ்களுடன் வட்டில் விநியோகித்தது. 1996-இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வழக்கில் பதிப்புரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. ஷேர்வேரை விநியோகிக்கக் கிடைக்கும் அனுமதியில், அதை முழுமையாகவும் சேர்க்கை, நீக்கல், மாற்றம் இன்றியும் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ளார்ந்து இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

‘பதிவு செய்யுங்கள்’ திரையை நீக்கும்படி நிரலையே திருத்தியது இதைவிடவும் கடுமையானது. அது, படைப்பை மாற்றியமைக்க ஆசிரியருக்கு உள்ள தழுவல் உரிமையைத் தொடுகிறது. பூட்டை அகற்றியதாகவும் கருதப்படலாம். 1996-ஆம் ஆண்டின் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பதிப்புரிமை உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்பதற்கு எதிரான சட்டவிதிகள் தனியாக உள்ளன. அந்தத் திருத்திய நிரல்களை வைத்திருக்கவே வேண்டாம். அசல் வட்டிலிருந்து மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

லாபம் இல்லை என்ற வாதம்

லாபம் பார்க்கவில்லை என்பதை நீங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நம்புகிறேன். அனுமதியின்றி நகலெடுத்து விநியோகித்தாரா என்பதே பதிப்புரிமைச் சட்டத்தின் முதல் கேள்வி. அதில் சம்பாதித்தாரா என்பது பிறகு, இழப்பீட்டின் அளவையும் செயலின் தன்மையையும் எடைபோடும்போதுதான் வருகிறது. கட்டாயமாகக் குற்றவியல் தண்டனை விதிக்க வேண்டும் என்று டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 61-ஆம் பிரிவு உறுப்பு நாடுகளிடம் கேட்பது, வணிக அளவில் வேண்டுமென்றே செய்யப்படும் நகலாக்கத்துக்குத்தான். சில நாடுகள் அதைவிடக் கடுமையாகவும் சட்டம் இயற்றியுள்ளன. எப்படியானாலும் நண்பர் குழுவில் சில வட்டுகள் கொடுத்ததற்காகச் சிறைக்குப் போவோமோ என்று நீங்கள் உறக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் ‘லாபம் இல்லை, ஆகவே அனுமதி தேவையில்லை’ என்ற முடிவுக்கும் போக முடியாது.

கட்டணம் வாங்கித் தொகுத்தவர்கள் எங்கே சிக்கினார்கள் என்பதற்கு 1998-இல் அமெரிக்காவில் வந்த இரண்டு தீர்ப்புகளைச் சொல்கிறேன். முதலாவதில், மாதந்தோறும் சந்தாதாரர்களுக்கு மென்பொருள் வட்டு அனுப்பிய ஒரு நிறுவனம், மேக் கணினிக்கான இரண்டு ஷேர்வேர் விளையாட்டுகளையும் சேர்த்து அனுப்பியது. விநியோகத்துக்கான கட்டுப்பாடுகளை ஆசிரியர்கள் வெளிப்படையாக எழுதியிருந்ததால், அனுமதி கேட்காமலே செய்யத்தக்க ‘நியாயமான பயன்பாடு’ என்ற வாதத்தை இலினாய் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்கவில்லை. இரண்டாவதில், ‘டியூக் நியூக்கம் 3டி’ விளையாட்டுக்கு ரசிகர்கள் தாங்களே உருவாக்கி இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த 300 கட்டங்களை (விளையாட்டின் ‘லெவல்’களை) ஒரு நிறுவனம் வட்டில் தொகுத்து விற்றது. அவற்றை இலவசமாக மட்டுமே கொடுக்கலாம் என்பது விளையாட்டை உருவாக்கியவர்கள் விதித்த நிபந்தனை. மேல்முறையீட்டு நீதிமன்றம் விளையாட்டின் உரிமையாளர்கள் பக்கமே நின்றது. உங்கள் பட்டியலில் விளையாட்டுக் கட்டங்களுக்கென்று ஒரு கோப்புறை இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைத்தது என்பதால் அதைக் கட்டணத்தோடு கொடுக்கலாம் என்று ஆகிவிடாது.

ஆகவே வட்டு விலையும் அஞ்சல் செலவும் வாங்குவது பற்றி ஒரே பதில் இல்லை. நகல் செலவை அனுமதிக்கும் நிரல்களுக்கு அது சரி. கட்டணமே கூடாது என்று எழுதியிருக்கும் ஒரே ஒரு நிரல் வட்டில் இருந்தாலும், அந்த வட்டுக்கு நீங்கள் வாங்கும் தொகை அந்த நிரலுக்கும் சேர்த்துத்தான் கணக்கிடப்படும். வெற்று வட்டை வாங்குபவரே அனுப்பிவைக்கட்டும் என்று மாற்றிக்கொண்டால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ஆசிரியர் இல்லாத நிரல்

எழுதியவரைக் காணவில்லை, நிறுவனம் மூடப்பட்டுவிட்டது, ஆகவே உரிமையும் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் மிகப் பலர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே பாதுகாக்க வேண்டும் என்பது டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் விதி. இலக்கியப் படைப்புக்கு ஆசிரியரின் ஆயுளோடு குறைந்தது 50 ஆண்டுகள் என்று பெர்ன் உடன்படிக்கை வரையறுத்திருக்கிறது. பல நாடுகளில் அது 70. ஷேர்வேர் தொடங்கிய 1982-இலேயே ஒரு நிரலை எழுதிவிட்டு அதே ஆண்டில் ஆசிரியர் இறந்திருந்தாலும், ஐம்பதாண்டுக் கணக்கில்கூட உரிமை 2032-இன் இறுதி வரை நீடிக்கும். தனிநபர் இறந்தால் உரிமை வாரிசுகளுக்குப் போகிறது. நிறுவனம் மூடினால் அதை வாங்கியவருக்கோ கடன் கொடுத்தவர்களுக்கோ போகிறது. ‘கைவிடப்பட்ட மென்பொருள்’ என்று ஆர்வலர்கள் சொல்லும் பிரிவு, பழக்கத்தில் உள்ள பெயரே தவிர, சட்டம் அறிந்த ஒன்று கிடையாது.

நடைமுறையில், உரிமையாளரே அக்கறை காட்டாத நிரலுக்காக வழக்கு வருவது அரிது. ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதைவிட மகிழ்ச்சியான செய்தி. பழைய ஷேர்வேர் ஆசிரியர்களில் பலர் பிற்காலத்தில் தங்கள் நிரல்களை முழு இலவசமாக அறிவித்துவிட்டார்கள். பதிவு எண்ணைத் தாங்களே வெளியிட்டவர்களும் இருக்கிறார்கள். அப்படி அறிவித்திருந்தால், அந்த அறிவிப்பின் நகலையும் நிரலோடு சேர்த்தே கொடுங்கள். விளக்கக் கோப்பில் உள்ள அஞ்சல் முகவரி இன்று பயன்படாமல் இருக்கலாம். ஆசிரியரின் பெயரையும் நிரலின் பெயரையும் சேர்த்துத் தேடினால், அவர் இன்றும் வேறொரு மென்பொருளை எழுதிக்கொண்டிருப்பது தெரியவருவதுண்டு.

இலவசமாக அறிவிக்கப்பட்டது எது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ‘டூம்’ விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் அதன் முதல் பகுதி ஷேர்வேராக வந்தது. 1997-இல் மூல நிரல் (நிரலர் எழுதிய அசல் வரிகள்) வெளியிடப்பட்டு, 1999-இல் யாரும் நகலெடுக்கவும் மாற்றவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வந்தது. ஆயினும் முழு விளையாட்டின் படங்கள், ஒலிகள், கட்டங்கள் அடங்கிய தரவுக் கோப்புகள் அந்த உரிமத்துக்குள் வரவில்லை. ஒரே பெயருக்குள் மூன்று விதமான அனுமதிகள் இருக்கின்றன. உங்கள் வட்டில் ‘டூம்’ என்ற கோப்புறையில் இருப்பது இவற்றில் எது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஜிபிஎல் நிரல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை நகலெடுக்கவும், விற்கவும்கூட உரிமை உண்டு. ஆனால் உரிமத்தின் உரையும் மூல நிரலும் கூடவே போக வேண்டும். மூல நிரலைச் சேர்க்க இயலாவிட்டால், கேட்பவருக்குத் தருவதாக மூன்றாண்டுகளுக்குச் செல்லுபடியாகும் எழுத்து வழி உறுதி தர வேண்டும். ஷேர்வேரைக் கண்டு அஞ்சுபவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பட்டியலும் தொகுப்பும்

பதிவு எண் பட்டியலை இன்றே அழித்துவிடுங்கள். இதில் எடைபோட ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் பணம் கட்டிப் பெற்ற, பல இடங்களில் அவருடைய பெயரோடு சேர்ந்த எண்களை ஊருக்கெல்லாம் கொடுப்பது, நிரலை எழுதியவருக்கு வர வேண்டிய ஒரே வருமானத்தையும் அடைத்துவிடுகிறது. மற்ற எல்லாவற்றிலும் உங்கள் நல்லெண்ணத்தை எடுத்துச் சொல்ல முடியும். இந்த ஒரு கோப்பு வட்டில் இருக்கும்வரை அந்த வாதம் எடுபடாது.

அடுத்து, பழைய வட்டின் முகப்புப் பட்டியலையும் நிரல் விளக்கங்களையும் அப்படியே எடுத்துப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தேர்விலும் வரிசைப்படுத்தலிலும் தனித்திறன் தெரியும் தொகுப்புக்கு, உள்ளே இருக்கும் படைப்புகளின் உரிமையைப் பாதிக்காமல், தனியாகவே பதிப்புரிமை உண்டு. ஆகவே பழைய வட்டை முழுதாக நகலெடுத்தால், நிரல் ஆசிரியர்கள் ஒரு பக்கம், தொகுப்பாளர் இன்னொரு பக்கம் என இரண்டு அடுக்கு அனுமதி தேவைப்படுகிறது. நீங்களே தேர்ந்தெடுத்து, நீங்களே விளக்கம் எழுதி, உங்கள் சொந்தப் பட்டியலை உருவாக்கினால் இரண்டாவது அடுக்கு மறைந்துவிடும். பயிற்றுநராக இருந்த உங்களுக்கு அந்த விளக்கங்களை எழுதுவது சிரமமாக இருக்காது. படிப்பவர்களுக்கும் அதுவே கூடுதல் பயன்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற இணையக் காப்பகத் தளங்களில் இத்தகைய வட்டுகளின் பிம்பங்கள் (ஒரே கோப்பாக எடுத்த முழு நகல்கள்) திறந்தே கிடக்கின்றனவே என்று கேட்கிறீர்கள். நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் பல நாடுகளின் சட்டங்கள் சில விலக்குகளைத் தருகின்றன. தனிநபருக்கு அவை தாமாகப் பொருந்தாது. அங்கே இருக்கிறது என்பது உங்களுக்குக் கிடைத்த அனுமதியும் ஆகாது. முழு வட்டையும் பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு நீங்கள் நகல் எடுத்துத் தருவதைவிட, உங்கள் அசல் வட்டை இரவல் கொடுப்பது பாதுகாப்பானது.

புதிய தொகுப்பை அமைக்கும் முறை

இருநூறு என்ற எண்ணிக்கையை முதலில் மறந்துவிடுங்கள். ஒவ்வொரு பொதியையும் அசல் வட்டிலிருந்து மீண்டும் எடுத்து, பிரிக்காமல், பெயரையும் தேதியையும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உரிமத்தைப் படித்து, எந்தத் தடையும் இன்றி விநியோகிக்கலாம் என்பவற்றையும், நிபந்தனைகளை உங்களால் நிறைவேற்ற முடியும் என்பவற்றையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பெயர், பதிப்பு எண், அனுமதி எந்தக் கோப்பில் எந்த வரியில் இருக்கிறது, கட்டணம் பற்றி என்ன சொல்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். நாளை ஒருவர் கேள்வி எழுப்பினால், எந்த வழக்கறிஞரையும்விட அந்த நோட்டு உங்களுக்கு உதவும்.

உரிமம் பற்றி எதுவுமே எழுதாத நிரல்களை என்ன செய்வது? ஷேர்வேர் என்று மட்டும் சொல்லி நிபந்தனைகளைச் சொல்லாமல் விட்டிருந்தால், பிறருக்கு முழுமையாகக் கொடுக்கலாம் என்ற அனுமதியை ஊகிக்க இடமுண்டு. ஆனால் ஷேர்வேர் என்றுகூடச் சொல்லாத நிரலுக்கு அந்த ஊகமும் இல்லை; அவற்றை விட்டுவிடுங்கள். எழுத்துருக்கள், படங்கள், இசைக் கோப்புகள் அடங்கிய கோப்புறைகளில்தான் இந்தச் சிக்கல் அதிகம், ஏனென்றால் அவற்றைத் திரட்டியவர்களே மூலத்தைக் குறிப்பதில் அக்கறை காட்டவில்லை.

ஆசிரியருக்கு எழுதும்போது, நிரலின் பெயர், பதிப்பு, எத்தனை பிரதிகள், என்ன செலவு வாங்குவீர்கள், இந்தப் பிரதியைப் பெற்றவர் மேலும் நகலெடுக்கலாமா, பழைய பதிப்புக்கு இன்றும் பதிவுக் கட்டணம் உண்டா என்பவற்றைத் தெளிவாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வட்டைக் கொடுக்கும் முன் நச்சுநிரல் சோதனையும் செய்துவிடுங்கள். அந்தக் காலத்து வட்டுகளில் தொற்று இருந்தது உண்டு, தெரிந்தே பரப்பினீர்கள் என்ற பேச்சு வரக் கூடாது.

உங்கள் கணக்கு நிரல்

முப்பது நாள் முடிந்தபின்னும் நிரல் பூட்டிக்கொள்ளவில்லை, ஆகவே பயன்படுத்தலாம் என்று ஆசிரியர் விட்டுவிட்டார் என்பது உங்கள் எண்ணம். பூட்டாமல் விட்டது உங்கள் நேர்மையை நம்பியதால். அதை அனுமதியாகப் படிக்க முடியாது. உரிமத்தில் ‘முப்பது நாளுக்குப் பின் பதிவு செய்யுங்கள் அல்லது நீக்குங்கள்’ என்று இருந்தால், அதன்பின் நடந்த பயன்பாடு உரிமம் இல்லாதது. மாறாக, ‘பிடித்திருந்தால் ஏதாவது அனுப்புங்கள்’ என்று மட்டுமே கேட்ட ஆசிரியர்களும் உண்டு. அப்படியானால் நீங்கள் எந்த விதியையும் மீறவில்லை. முதலில் அந்த வரியைத் தேடுங்கள். கட்டணம் உண்டு என்றால், ஆசிரியரையோ அவருக்குப் பின் அந்த நிரலை வைத்திருப்பவரையோ தேடிக் கட்டிவிடுங்கள். தேடியும் கிடைக்காவிட்டால், தேடியதற்கான சான்றை வைத்துக்கொண்டு, கணக்குகளை வேறு நிரல் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றத் தொடங்குங்கள். உங்கள் நிலையில் வழக்கைவிட, பழைய கணினி ஒருநாள் நின்றுபோய் அத்தனை ஆண்டுக் கணக்கும் திறக்க முடியாமல் போவதே எனக்குப் பெரிய கவலையாகப் படுகிறது.

ஏற்கெனவே கொடுத்த வட்டுகள்

இதுவரை நீங்கள் கொடுத்தது, அனுமதி உண்டு என்று உண்மையாகவே நம்பிக் கொடுத்தது. அந்த நம்பிக்கை மீறலை இல்லாமல் ஆக்காது. இழப்பீடு பற்றிய பேச்சு வந்தால் உங்களுக்குச் சாதகமாக எடைபோடப்படும். இதைப் படித்த பிறகும் அதே வட்டைத் தொடர்ந்து கொடுத்தால், அறிந்தே செய்தது என்றாகிவிடும். ஆகவே பழைய தொகுப்பைக் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். வாங்கியவர்களின் பெயர்கள் உங்களிடம் இருக்கின்றன; பதிவு எண் பட்டியலையும் திருத்திய நிரல்களையும் அழித்துவிடும்படி ஒவ்வொருவருக்கும் எழுதி, சீரமைத்த தொகுப்பு தயாரானதும் மாற்றித் தருவதாகச் சொல்லுங்கள். எந்த ஆசிரியரிடமிருந்தாவது ஆட்சேபக் கடிதம் வந்தால், வாதாடத் தொடங்கும் முன் அவருடைய நிரலை வட்டிலிருந்து எடுத்துவிட்டு, எடுத்ததைத் தெரிவித்து மரியாதையாகப் பதில் எழுதுங்கள். அவர் இழப்பீடு கேட்டால் மட்டும், கடிதத்தையும் அந்த நிரலின் உரிமக் கோப்பையும் உங்கள் நோட்டையும் எடுத்துக்கொண்டு, உங்கள் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைப் பார்த்த பிறகே மேற்கொண்டு எதுவும் எழுதிக் கொடுங்கள்.